பதினாறு டிகிரி விருந்து

மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டலில் பன்னிரண்டு வருஷமாகத் தட்டு ஏந்தும் தனகோடி, ஒரே ஒரு நாள் வகுப்பில் ஒயின் மேதை ஆகிவிட்டார். வெள்ளை ஒயினை எட்டு டிகிரியில் ஊற்ற வேண்டும், சிவப்பைப் பதினாறில். உலகத்தில் இதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்பது அவர் முடிவு. பார் கேப்டன் பதவி வேறு காலியாக இருந்தது. மேனேஜர் காசிநாதனை ஞாயிறன்று வீட்டுக்குச் சாப்பிட அழைத்து, இரண்டையும் பதமாக ஊற்றிக் கொடுத்தால் பதவி நமக்குத்தான் என்று கணக்குப் போட்டார். செவ்வாயன்று அழைத்தும் விட்டார்.

வியாழக்கிழமை மனைவி சங்கரியிடம் திட்டத்தை விளக்கினார்.

"அலமாரியில வெச்சா இன்னாயா?"

"நம்ம ரூம்பு முப்பது டிகிரி கீது. அதுல வெச்சா ஒயின் கஷாயமாயிடும்."

"அப்ப பிரிஜ்ல வை."

"இந்தப் பிரிஜ்லயா? ரெண்டே டிகிரிதான் அதுக்குத் தெரியும். ஒண்ணு ஐஸு, இன்னொண்ணு வெந்நி."

"அத்ததான் மூணு வருஷமா சொல்லிகினு கீறேன். ரெண்டு கதவு பிரிஜ் வாங்குன்னு."

"இட்லி மாவுக்கு எதுக்குடி ரெண்டு கதவு?"

"மாவுக்கு வேணாம்யா. உன் பதவிக்கு."

வீட்டுக்குள் பாட்டில் வருகிறது என்று தெரிந்தும் சங்கரி சண்டைக்கு வரவில்லை. தன் அறிவுக்கு அவள் மயங்கிவிட்டாள் என்று தனகோடி நம்பினார், பாவம். மூன்று வருஷமாகக் காதில் விழாத பிரிஜ், சனிக்கிழமை சாயங்காலம் செங்கல்பட்டிலிருந்து மினி லாரியில் வந்து இறங்கியது.

ஞாயிறு காலையிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தெர்மாமீட்டரும் கையுமாகப் பிரிஜ்ஜைத் திறந்து மூடினார். பன்னிரண்டரைக்கு எட்டு எட்டாகவும், பதினாறு பதினாறாகவும் நின்றன. தோளில் வெள்ளைத் துண்டு, கைக்கொரு பாட்டில், வாசலில் தனகோடி.

காசிநாதன் வந்தார். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, காலில் செருப்பில்லை.

"சாமி சரணம். கார்த்திகை ஒண்ணு இல்லையா, காலையிலதான் மாலை போட்டேன்" என்றவர் பாட்டில்களைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

தனகோடி இரண்டு பாட்டிலையும் தோள் துண்டில் சுருட்டி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். சங்கரி மட்டும் நிதானமாகக் கால் கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். உள்ளே தலைவாழை இலை தயாராக இருந்தது. தனகோடி சொல்லி வைத்த வஞ்சிரம் வறுவலைக் காணோம். வெங்காயம் போடாத சாம்பார், பருப்புப் பாயசம்.

சாமி இரண்டாம் தரம் பாயசம் வாங்கிக்கொண்டார். "இவ்வளவு சுத்தமான வீட்டு ஆளு பாருக்கு எதுக்கு? நாளையிலேர்ந்து சைவ பந்தியப் பாத்துக்குங்க" என்று ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

"அவரு மாலை போடறது உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"புதன்கிழமையே மார்க்கெட்ல அவரு வூட்டம்மா சொன்னாங்க."

"அன்னிக்கே எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"பிரிஜ் சனிக்கிழமதானயா வந்துச்சு?"