ஐம்பத்திரண்டு அட்டைகளும் ஒரு ஜீப்பும்

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தில், வழிகாட்டிப் பேராசிரியருக்கும் பெற்றோருக்கும் நடுவில், ஒரு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். நூலக அறிவியலுக்கும் போலீசுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். இதுவரை அசட்டுச் சிரிப்புச் சிரித்து மழுப்பியிருக்கிறேன். இன்று சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டே பஸ் செக்கரைக் கண்டு நடுங்குகிற ரகம் நான்.

என் ஆய்வு இதுதான். புத்தகங்களை நாங்கள் எண் போட்டு அலமாரியில் அடுக்குவது ஒரு மாதிரி, படிக்கிறவர் மனசு அடுக்கிக்கொள்வது வேறு மாதிரி. அந்த இரண்டாவது அடுக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகத் தலைப்புகளை அட்டைகளில் எழுதி, நாலைந்து பேரைச் சுற்றி உட்காரவைத்து, ஒத்தது ஒத்ததாகப் பிரித்து வைக்கச் சொல்வது ஒரு வழி. மூன்று அட்டைகளை நீட்டி, "இதில் எந்த இரண்டு ஒரே மாதிரி? மூன்றாவது எப்படி வேறு?" என்று கேட்பது இன்னொரு வழி. அந்தப் பதிலில் ஒரு மனிதர் உலகத்தை எப்படிப் பிரித்துப் பார்க்கிறார் என்பது வெளிவந்துவிடும் என்பது நம்பிக்கை.

ஒத்திகை அம்மாவிடம் நடந்தது. சமையலறையில் கடுகு, சீரகம், மல்லி டப்பாக்களை வரிசையாக வைத்துக் கேட்டேன்.

"ரெண்டு தீந்து போச்சு. ஒண்ணு இருக்குது. போதுமா? தள்ளு, ரசம் வெக்கோணும்."

(நியாயமாகப் பார்த்தால் அது முதல்தரமான பதில். எனக்குத்தான் அப்போது புரியவில்லை.)

இங்கே எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அப்பா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் தோப்பில் சீட்டு. ஒருநாள் போலீஸ் சுற்றி வளைத்து, மறுநாள் பேப்பரில் பெயரும் வந்துவிட்டது. அம்மா அழவில்லை, கத்தவில்லை. "இனி சீட்டுக் கேசுன்னு ஒரு பேச்சு இந்த ஊட்டுக்குள்ள வந்துச்சுன்னா, நான் மல்லசமுத்திரத்துக்கு எங்கண்ணன் ஊட்டுக்கே போயிருவேன். திரும்பி வரமாட்டேன்" என்றார். அம்மா சொன்னால் செய்துவிடுவார். அப்பா கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார், அதோடு சீட்டை விட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கல்யாணச் சீட்டு, ஏலச்சீட்டு என்ற வார்த்தைகளைக்கூட மெதுவாகத்தான் சொல்வோம்.

அட்டைகளைச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் அடித்தேன். அறுபது தலைப்புகளில் எட்டை வழிகாட்டி வேண்டாமென்று நீக்கிவிட்டதால் மிச்சம் ஐம்பத்திரண்டு. அச்சகக்காரர் நல்ல மனிதர். "முனைய வளைச்சு வெட்டிட்டேனுங்க, கையில குத்தாது. பின்பக்கம் வெறுமனே இருந்துச்சு, செவப்புல ஒரு டிசைன் ஓட்டிட்டேன். காசு வேண்டாமுங்க" என்றார். நான் நெகிழ்ந்து போய் நன்றி சொன்னேன். மூளை என்று ஒன்று இருந்திருந்தால் அங்கேயே விழித்திருக்கும்.

எருமப்பட்டிப் பக்கம் ஒரு ஊரின் கிளை நூலகத்தில் ஆய்வு. ஆள் பிடிக்கும் பொறுப்பை அப்பா தானாக முன்வந்து ஏற்றுக்கொண்டார். "அந்த ஊர்ல நம்ம சேக்காளிக நெறையப் பேர் இருக்கறாங்க சாமி, நீ கவலப்படாத." எந்த வகையில் சேக்காளிகள் என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் போனபோது கரண்ட் இல்லை. நூலகத்துக்குள் வெந்துவிடும் போலிருந்தது. பின்னால் வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தோம். அப்பாவையும் சேர்த்து ஐந்து பேர். நான் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த விளக்கத்தை ஆரம்பித்தேன். பாதியிலேயே அப்பாவின் கூட்டாளி குப்புசாமி மாமா கையமர்த்தினார்.

"செட்டுச் சேக்கோணும், அவ்வளவுதானுங்க அம்மிணி?"

"ஆமாங்க மாமா. எதுலயும் சேராத அட்டைய ஓரமா வெச்சிரலாம்."

"கழட்டி உடறது. புரிஞ்சுது."

அட்டைகளை அவர் கலைத்த வேகத்தைப் பார்த்து நான் பூரித்துப் போனேன். ஆய்வில் இவ்வளவு ஈடுபாடா! எல்லோரும் அட்டைகளை விசிறி மாதிரி பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். கோழி வளர்ப்பு, ஜோதிடம், பங்குச்சந்தை என்று மூன்றை எடுத்து மாமாவிடம் நீட்டிக் கேட்டேன்.

"ஜோசியமும் பங்குச்சந்தையும் ஒண்ணுங்க. ரெண்டும் எல்லாம் நடந்து முடிஞ்சப்பறம் காரணஞ் சொல்லும். கோழி அப்படியில்லீங்க. செத்தாச் செத்ததுதான்."

என்ன ஒரு பதில்! நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது, மாமா அட்டைகளைப் பளாரென்று ஜமுக்காளத்தில் அறைந்து, "ஷோ!" என்று கத்தினார். அதே நேரத்தில் நூலகத்தின் முன்னால் ஜீப் வந்து நின்றது.

நான் நிமிர்ந்தபோது ஜமுக்காளத்தில் யாரும் இல்லை. ஒரு தப்பும் செய்யாத, புத்தகத் தலைப்புகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்த நல்ல மனிதர்கள், காக்கியைக் கண்டதும் நாலு திசையிலும் பறந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் பாய்ந்தது என்னைப் பெற்ற அப்பா. மூட்டுவலி உள்ள குப்புசாமி மாமா மட்டும் எழ முடியாமல், தன் அட்டைகளை வேட்டிக்குக் கீழே தள்ளி அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் என் வயதுப் பெண். அதனால் பயம் குறையவில்லை, கூடியது. சிதறிக் கிடந்த அட்டைகளைப் பொறுக்கி, மாமாவை எழுப்பி மிச்சத்தையும் எடுத்து, ஒவ்வொன்றாக எண்ணினார்.

"ஐம்பத்திரண்டு. சீட்டாடறாங்கன்னு போன் வந்தது சரிதான். ஆட்டத்த நடத்துறது யாரு?"

"நான்தாங்க மேடம்."

"ஆளுங்கள யாரு சேத்தது?"

"எங்கப்பா."

"அவரு எங்க?"

"ஓடிட்டாருங்க."

(கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தவர்களை அன்று மனசாரச் சபித்தேன்.)

அப்புறம்தான் அட்டையின் முன்பக்கத்தைத் திருப்பினார். "மாட்டு வைத்தியம்னு போட்டிருக்கு. என்னம்மா இது?" நான் திக்கித் திணறி ஆய்வைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. மூன்று அட்டைகளை உருவி என்னிடமே நீட்டினார். சமையல், மாட்டு வைத்தியம், போட்டித் தேர்வு. "எங்க, என்னைக் கேளு பாக்கலாம்."

கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் போட்டித் தேர்வு அட்டையைத் தனியே எடுத்தார்.

"சமையலும் மாட்டு வைத்தியமும் ஊட்ல இருக்கறவங்களுக்காகப் படிக்கறது. இது ஒண்ணுதான் நான் எனக்காகப் படிச்சது. இந்த மாதிரி ஒரு நூலகத்துலதான்."

"இன்னும் கொஞ்சம் விளக்கிச் சொல்ல முடியுமாங்க?" என்று கேட்டுவிட்டேன். பழக்கம்! போலீசையே விசாரித்த பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் ஜீப்பின் பானட்டில் அட்டைகளைப் பரப்பிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே. "உன் சாரோட நம்பர் குடு, ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றார். வழிகாட்டி வழக்கம்போல எடுக்கவில்லை. "அப்ப ஊட்டு நம்பர்."

"மேடம், சீட்டுன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்று கும்பிட்டேன். அவர் ஸ்பீக்கரைப் போட்டார். "போலீஸ் பேசறேம்மா. உங்க பொண்ணு ஒரு சீட்டுக் கட்டோட இங்க இருக்கு."

எனக்கு மல்லசமுத்திரம் பஸ் கண்ணில் தெரிந்தது.

"அது அட்டைங்க மேடம்" என்றார் அம்மா, நிதானமாக. "எங்கூட்டுக் கடுகு டப்பாவெல்லாம் எடுத்து வெச்சு என்ற உசுர எடுத்துச்சுங்க. படிப்புத்தானுங்க அது. உட்ருங்க."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அம்மா காப்பாற்றிவிட்டார். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான், மகளை விட்டுவிட்டு வந்த குற்ற உணர்ச்சியில் அப்பா கிழங்குக் காட்டிலிருந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"தப்புப் பண்ணாதவரு எதுக்குங்க ஓடுனீங்க?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"பழக்கதோசமுங்க மேடம்."

ஸ்பீக்கரில் லைன் துண்டிக்கப்பட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்து எங்களை அனுப்பிவிட்டார். நானும் அப்பாவும் மோட்டார் சைக்கிளில் வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் அம்மாவின் பை இருந்தது. புடவைகள் வைத்துக் கட்டியிருந்தது. குறிப்பெழுத நான் வைத்திருந்த வெற்று அட்டைகள் மூன்றை அம்மா வாங்கி, புள்ள, போலீசு, அப்பன் என்று எழுதி மேஜையில் வைத்தார்.

"எந்த ரெண்டு ஒண்ணு? எது வேற? சொல்லுங்க பாக்கலாம்."

அம்மாவே அட்டைகளைப் பிரித்தார். "என்ற புள்ளையும் போலீசும் நின்னவங்க. நீங்க ஓடுனவரு. பொட்டப்புள்ளைய அங்க உட்டுப்போட்டு."

"சத்தியமா நான் ஆடல புள்ள" என்றார் அப்பா. "போலீசுக்குப் பயந்தா ஓடுனேன்? பேப்பர்ல பேரு வந்தா நீ போயிருவியேன்னு ஓடுனேன்."

அம்மா அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா செருப்பைக் காட்டிலேயே விட்டு வந்திருந்தார், முள் கிழித்து ரத்தம் காய்ந்திருந்தது. அம்மா பையைப் பிரித்தார். மேலே இருந்த பழைய சேலையைக் கிழித்து எடுத்துக்கொண்டு, "உக்காருங்க" என்றார்.

அன்று மாமாவும் சப்-இன்ஸ்பெக்டரும் அம்மாவும் சொன்ன பதில்கள் என் ஆய்வேட்டில் ஏறின. எங்கள் வீட்டிலோ அன்று முதல் உலகமே இரண்டு வகையாகிவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பற்றிக்கூட அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "நிக்கறவரா, ஓடறவரா?"

என் கல்யாணத்துக்கு அந்தச் சப்-இன்ஸ்பெக்டர் யூனிபாரத்திலேயே வந்தார். வாசலில் காக்கியைக் கண்டதும் அப்பா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். அவர் ஓரடி வைப்பதற்குள் அம்மா தோள் துண்டை எட்டிப் பிடித்தார்.

"உடு புள்ள, வாங்கன்னு கேக்கத்தான் போறேன்."

"நானும் வாரேன், நடங்க" என்றார் அம்மா. துண்டை விடவில்லை. அப்படியே இருவரும் போய் வரவேற்றார்கள். போட்டோக்காரர் அதை எடுத்துவிட்டார். அந்தப் படம்தான் எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது.