கணவாய்ப் படலம்

வாவிக் கரையில் கிடந்த அந்த ஓலைக் கொட்டிலுக்கு ஆனி மாதம் வரைக்கும் நாய்கூடப் போனதில்லை. ஆடி பிறந்ததும் பஸ்ஸே போனது! களுதாவளையிலிருந்து ஒரு பஸ், ஏறாவூரிலிருந்து இரண்டு வான், நாவற்குடா ஓட்டோக்கள் அத்தனையும் அந்த ஒழுங்கையில்தான் முட்டிக்கொண்டு நின்றன.

எல்லாம் திருநேத்திர சுவாமியின் மகிமை. கத்தி இல்லை, ஊசி இல்லை, கட்டு இல்லை. வெள்ளை விழுந்த கண்ணை வெற்றிலையால் மூடுவார், மூன்று தரம் ஊதுவார், விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். படலம் விரலோடு வந்துவிடும். அதைத் தண்ணீர்ப் போத்தலில் போட்டு நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடுவார். வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிடலாம். தட்சணை அவரவர் மனம் போல. மனம் சுருங்கினால் பார்வையும் சுருங்கும் என்று சீடன் மட்டும் காதோடு சொல்லி வைப்பான்.

ஓட்டமாவடியில் ஒருவர் படலம் எடுத்த கையோடு பத்திரிகை வாசித்தாராம். அவருக்கு எழுத்து வாசிக்கவே தெரியாது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். அற்புதம் என்றால் அதுதானே!

சந்தியில் மீன் விற்கும் கேதீஸ்வரி இந்தக் கதைகளையெல்லாம் மீனோடு சேர்த்துக் கூடையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவளுடைய புருஷன் சாமித்தம்பி வாவியில் வலை வீசுகிறவர். இரண்டு கண்ணிலும் வெள்ளை. போன மாதம் அடுத்தவன் தோணியில் ஏறி, "ஆரடா என்ட தோணிக்குப் பச்சை பூசினது?" என்று சண்டை பிடித்தவர். ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு வருகிற புதன்கிழமை என்று எழுதித் துண்டு கொடுத்திருந்தார்கள். முதலை கிடக்கும் வாவியில் தனியே இறங்குகிற மனுஷன், அந்தத் துண்டைக் கண்டதும் நடுங்கிப் போனார்.

"கண்ணில கத்தி வைக்க விடமாட்டன். சுவாமிட்டப் போவம்."

கேதீஸ்வரிக்கும் ஆசைதான். கத்தியில்லாமல் கண் தெரிந்தால் யாருக்குக் கசக்கும்? வெள்ளிக்கிழமை இருவரும் போனார்கள். வெற்றிலை, ஊதல், சுண்டு. இடது கண்ணிலிருந்து நகமளவு படலம் வந்தது. அவள் கும்பிட்ட கை இறங்கவில்லை. கண் கலங்கியும் விட்டது.

"நாற்பது நாள் இந்தத் தேன்சாற்றை விட்டுவா. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதே. மிதித்தால் பார்வை திரும்பிப் போய்விடும்!" என்றார் சுவாமி.

வீட்டுக்கு வந்ததும் அவள் அகப்பையைத் தூக்கிக் காட்டினாள்.

"இஞ்சருங்க, எத்தின விரல்?"

"மூணு," என்றார் சாமித்தம்பி, கொஞ்சமும் யோசிக்காமல்.

அகப்பைக்கு விரல் முளைத்ததை அவள் அன்றைக்குத்தான் கண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமிப் படத்தடியில் பக்கத்து வீட்டுப் பூனை தவம் கிடந்தது. படலப் போத்தலை நக்கி நக்கி உருட்டியது. கேதீஸ்வரி போத்தலை எடுத்து மூடியைத் திறந்தாள். மூக்கைப் பிய்க்கும் வாடை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளைத் தோலில் அங்கங்கே ஊதாப் புள்ளிகள். தினமும் காலையில் அவள் தன் கையால் உரித்து எறிகிற தோல். கணவாய்த் தோல்!

அப்போதுதான் உறைத்தது. சுவாமியின் சீடன் நாள் தவறாமல் அவளிடம் கணவாய் வாங்குகிறான். "சுவாமி சுத்த மரக்கறி, இது நாய்க்கு" என்பான். கொட்டிலில் நாயை அவள் கண்டதே இல்லை.

"உன்ட மூக்கே மீன் மூக்கு," என்று சாமித்தம்பி எரிந்து விழுந்தார். "பூவ மணந்தாலும் உனக்கு மீன்தான் மணக்கும். நாளைக்கு வலது கண்ணுக்குப் போறன். நீ வந்தா வா, வராட்டி கிட!"

சொல்லும்போதே இடது கண் செக்கச் செவேலென்று நீர் வடித்துக்கொண்டிருந்தது. தேன்சாறு வேலை செய்கிறதாம்!

கேதீஸ்வரி அந்தத் துண்டையும் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கண் வார்டில் கம்சாயினி என்ற தாதி, போத்தலைப் பார்த்ததும் தலையில் கையை வைத்தாள்.

"அம்மா, வெள்ளை கண்ணுக்கு மேல படியிறதில்ல. கண்ணுக்குள்ள ஒரு சின்ன வில்லை இரிக்கு. வயசு போகப் போக அது மங்கிப் பால் மாதிரி ஆகிது. நாங்க மரத்துப்போக மருந்து விட்டு, அரிசி நீளத்துக்கும் குறைய ஒரு வெட்டுப் போட்டு, மங்கினத உடைச்சு உறிஞ்சி எடுத்திட்டுப் புது வில்லை வைக்கிறம். அவ்வளவுதான்."

"அப்ப அந்தக் காலத்தில, புள்ள? சுவாமி இது அந்தக் காலத்து வைத்தியம் எண்டாரே?"

"அந்தக் காலத்தில ஊசியால குத்தி, வில்லையக் கண்ணுக்குள்ளயே கீழ தள்ளிவிடுவாங்களாம். கொஞ்ச நாளைக்கு வெளிச்சம் தெரியும். மறுகா கன பேருக்குக் கண் வீங்கி முழுசாப் போயிரும். ஆனாலும் வெள்ளை உள்ளுக்குத்தான் இரிக்கெண்டு அவங்களுக்குத் தெரிஞ்சிரிந்தது. தெரிஞ்சத வச்சு ஏதோ செஞ்சாங்க. மேலால தோலுரிக்கிறது வெங்காயத்துக்குத்தானம்மா!"

திரும்பும் வழியில் காத்தான்குடியில் இறங்கி, தையல்காரி றபீக்காவின் வீட்டுக்குப் போனாள். இருபது வருடச் சிநேகிதி. றபீக்கா மெஷினை நிறுத்திவிட்டு முழுக் கதையையும் கேட்டாள். அவளுடைய இடது கண் மட்டும் அசையாமல் சுவரையே பார்த்தது. ஆறு வயதில் கண் நோவுக்கு யாரோ ஒரு பரிசாரி இலைச்சாறு விட்டான். கண் அழுகிப் போய், அன்றிலிருந்து அவளுக்குப் பொய்க்கண்தான். பெரிய டொக்டர்களே உற்றுப் பார்த்தால்தான் கண்டுபிடிப்பார்கள்.

"கேதீசு, எண்ட கண்ணக் கத்தி எடுக்கல்ல. சாறுதான் எடுத்த," என்றாள். பிறகு உதடு கோணிச் சிரித்தாள். "நாளைக்கு நானும் வாறன்கா. எனக்கும் படலம் எடுக்கோணும்."

திங்கட்கிழமை கொட்டிலில் இலை விழ இடமில்லை. சாமித்தம்பியின் முறை வருவதற்கு முன்னாலேயே றபீக்கா போய்ச் சுவாமியின் எதிரே உட்கார்ந்தாள். கேதீஸ்வரி பக்கத்தில் நின்றாள்.

"எந்தக் கண், மகளே?"

"இடது கண், சுவாமி. நாப்பது வருசமா ஒரு சொட்டு வெளிச்சம் இல்ல."

அவள் ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. சுவாமி கண்ணை உற்றுப் பார்த்தார். ஞானதிருஷ்டியால் பார்த்தார். பார்த்துவிட்டு, "அடடா! மூன்று மடிப்புப் படலம்!" என்றார்.

வெற்றிலை. ஊதல். சுண்டு. உள்ளங்கையளவு படலம் விரலில் தொங்கியது.

"அரோகரா!" என்று கூட்டம் கொட்டிலைப் பெயர்த்தது.

"இனித் தெரியுமா, சுவாமி?"

"வாவிக்கு அக்கரையில் காகம் இருந்தால், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்வாய்!"

"இந்தக் கண்ணாலயா?"

"சந்தேகமா? இதே கண்ணால்தான்!"

"அப்ப நீங்களும் ஒருக்கா நல்லாப் பாருங்க." றபீக்கா குனிந்து கீழிமையை அழுத்தினாள். கண் 'டொப்'பென்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. "இது பிளாஸ்டிக்கு, சுவாமி. பிளாஸ்டிக்கிலயும் வெள்ளை விழுமா?"

ஒருத்தி மயங்கி விழுந்தாள். இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பஸ் கொண்டக்டர்தான் முதலில் சிரித்தார். சிரிப்பு பின்வரிசைக்கும் தொற்றியது.

"அது... பிளாஸ்டிக்கிலும் ஆவி படியும்..." என்று சுவாமி இழுத்தார்.

"படியிற ஆவிக்கு ஊதாப் புள்ளி இரிக்குமா?" கேதீஸ்வரி பாய்ந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். வழுக்குகிற மீனை முப்பது வருடம் பிடித்த கை. சுவாமி நெளிந்து பார்த்தார், துள்ளிப் பார்த்தார், முடியவில்லை. விரல்களை விரித்தாள். இடுக்குகளில் இன்னும் நாலு படலங்கள், அடுத்த நாலு பக்தர்களுக்காகச் சுருண்டு கிடந்தன. "காலையில நான் வித்த கணவாய், ஐயாமாரே! மணந்து பாருங்க!"

மணந்தார்கள். ஊரே மீன் தின்கிற ஊர். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

சாமித்தம்பி முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "அப்ப என்ட படலம்?"

"உங்கடது வெள்ளிக்கிழமைக் கணவாய்."

சுவாமி காவியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கரையில் நின்ற தோணியில் பாய்ந்து ஏறினார். மூன்று காலமும் அறிந்தவருக்குத் தோணி வலிக்கத் தெரியவில்லை. அது நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. ஜனங்கள் கரையில் நின்று சுற்றுகளை எண்ணினார்கள். பதினேழாவது சுற்றில் பொலிஸ் ஜீப் வந்தது.

புதன்கிழமை டொக்டர் சாமித்தம்பியின் சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். புண் ஆற மூன்று வாரம் மருந்து விட்ட பிறகுதான் ஒப்பரேஷன். மேசையில் பல்லை இறுக்கிக்கொண்டு கிடந்தவர், "டொக்டர், எப்ப தொடங்குவீங்க?" என்று கேட்டார். "முடிஞ்சுது, எழும்புங்க," என்றார் டொக்டர்.

மறுநாள் கட்டை அவிழ்த்ததும் அவர் முதலில் பார்த்தது மனைவியின் முகத்தை. நெடுநேரம் பார்த்தார்.

"உனக்கு எப்ப புள்ள தலை நரைச்ச?"

"நீங்க கணவாயால கண் பாத்த கிழமைதான்," என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஊர் விட்டால்தானே!

அடுத்த வெள்ளிக்கிழமை றபீக்கா கதவைத் திறந்தாள். வாசலில் முப்பது பேர். கையில் வெற்றிலைத் தட்டம். ஒழுங்கை முனையில் அதே களுதாவளை பஸ்.

"அம்மா, கண்ணக் கழட்டி மாட்டுற சக்தி உங்களுக்கு இரிக்கே! அந்தக் கள்ளச் சாமிக்குக்கூட அது ஏலாமப் போச்சே! எங்களுக்கும் ஒருக்கா..." என்று ஒருவர் காலில் விழக் குனிந்தார்.

றபீக்கா காலை இழுத்துக்கொண்டாள்.

"எழும்புங்க வாப்பா! எண்ட கண் கழண்டு கிடக்கிறது உண்மைதான். ஆனா அது இமைக்குக் கீழ. உங்களுக்கெல்லாம் நெத்திக்குப் பின்னால ஒண்டு கழண்டு கிடக்கு. அத ஆரும் மாட்டிவிட ஏலா. நீங்களே மாட்டிட்டு வாங்க, மறுகா கதைப்பம்!"