புல் பெர்மனென்ட்

தாவரவியல் உலகமே நெய்வேலிக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறது. உலகம் இதை இன்னும் உணரவில்லை. 'மலைப்புல் பாதுகாப்புச் சங்க'த்தின் செயலாளர் என்ற முறையில் நானே உணர்த்திவிடுகிறேன்.

கல்வராயன் மலையில் அழிந்துவரும் ஓர் அரிய புல்லை எங்கள் பிளாக் பூங்காவில் 'வளர்க்கிறோம்'. அதாவது, பூங்கா வேலைக்கு வரும் வீராயி தண்ணீர் ஊற்றுவார். நாங்கள் கூட்டம் போடுவோம். வீராயி கான்ட்ராக்ட். பெர்மனென்ட் ஆக வேண்டும் என்பது அவருடைய ஒரே கோரிக்கை. அது 'பரிசீலனையில்' இருக்கிறது. இருந்துகொண்டே இருக்கும்.

புல்லை வகைப்படுத்தத் தாவரவியல் பேராசிரியை மெர்லின் வந்தார்.

"இது ஒரு வருஷத்துல முடியிற புல் இல்லீங்க. மேல காஞ்சாலும் வேர் இருக்கும். பல வருஷம் வாழும்."

தலைவர் கிறிஸ்துதாஸ் மைன்ஸில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்ப வருஷா வருஷம் ரின்யூவல் வேணாம். பெர்மனென்ட்!"

"அப்படி ஒரு வகை தாவரவியல்ல கிடையாதுங்க."

"இந்த ஊர்ல ரெண்டே வகைதான் மேடம்! பெர்மனென்ட், கான்ட்ராக்ட்!"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பூங்கா வாசலில் நின்று நானே கம்பீரமாக அறிவித்தேன்: "இன்று முதல் புல் பெர்மனென்ட்!"

எங்கள் பக்கம் ஃபுல் மீல்ஸும் 'புல் மீல்ஸ்'தான் என்பதை மறந்துவிட்டேன். மறுநாள் வீராயி லட்டோடு வந்தார்.

"புல் பெர்மனென்ட்டுன்னு சொன்னீங்களே! வூட்ல எல்லாரும் சிரிச்சிகினே அழுவுறாங்க!"

லட்டைத் தின்று முடித்த பிறகே விஷயத்தை விளக்கினோம். சங்கத்துக்கென்று ஒரு நாகரிகம் உண்டு.

வீராயியின் முகம் வாடியது. பிறகு என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார். தண்ணீர்க் குழாயை என் கையில் திணித்தார். "அப்ப பெர்மனென்ட்டே தண்ணிய ஊத்திக்கட்டுங்க" என்று வடலூர் பஸ் ஏறிவிட்டார்.

யார் தண்ணீர் ஊற்றுவது என்று கூட்டம் போட்டோம். முடிவு எட்டப்படும் முன் வேரும் செத்துப்போயிற்று. பணியில் இருக்கும்போது இறந்தால் வாரிசுக்கு வேலை தர வேண்டுமல்லவா? பக்கத்தில் முளைத்திருந்த கோரையை நியமித்தோம்.

மெர்லின் போனில் பதறினார். "கோரை வேற குடும்பங்க!"

குடும்பத் தகராறில் சங்கம் தலையிடாது என்று சொல்லிவிட்டேன்.

மறந்துவிட்டுப் போன களைக்கொத்தியை எடுக்க வந்த வீராயி, கோரையின் முன் நின்று வாயைப் பிளந்தார்.

"ஐயா, இது நான் தெனம் புடுங்கிகினு இருந்த களைங்க!"

"மரியாதை!" என்று அதட்டினேன். "பெர்மனென்ட்டைப் பார்த்துக் கான்ட்ராக்ட் பேசுகிற பேச்சா இது?"