நேசபாய், 62, குழித்துறை

கழுத்தில் கேமரா தொங்கும் ஆட்களையெல்லாம் ஒரே இனமாகச் சேர்த்துவிடாதீர்கள். கல்யாண வீட்டுப் படக்காரர் ஒரு ரகம்; மாப்பிள்ளையின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தியே ஐந்நூறு பேரின் சாப்பாட்டைத் தாமதப்படுத்துவார், ஆனால் பிழைப்புக்குச் செய்கிறார், மன்னித்துவிடலாம். பத்திரிகைப் படக்காரர் இன்னொரு ரகம். அமைச்சர் வெட்டிய ரிப்பனை மறுபடி ஒட்டி வெட்டச் சொல்வார், அதுவும் பிழைப்பு. நான் சொல்ல வருவது மூன்றாவது ரகம். உரிமைப் படக்காரர். இவருக்குப் படம் எடுப்பது இரண்டாம் பட்சம். படம் எடுக்கத் தமக்கு உள்ள உரிமையை எடுத்துச் சொல்வதுதான் முதல் வேலை. 'இங்கே படம் எடுக்கக் கூடாது' என்ற பலகையைக் கண்டால் நீங்களும் நானும் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடப்போம். இவருக்கு முகம் மலர்ந்துவிடும். முதலில் அந்தப் பலகையையே படம் எடுப்பார்.

மார்த்தாண்டம் ஞானதாசன் இந்த இனத்தின் கலப்பில்லாத மாதிரி. வயது ஐம்பத்தொன்பது. சித்திரை வெயிலிலும் பதினோரு பாக்கெட் வைத்த மேல்சட்டை போடுவார். பத்துப் பாக்கெட் காலி, பதினோராவதில் லேமினேட் செய்த ஒரு காகிதம். பொது இடத்தில் படம் எடுப்பது குடிமகனின் உரிமை என்று அதில் ஆங்கிலத்தில் இருக்கிறதாம். சிவப்புக் கோடு போட்ட மூன்று வரிகளை மட்டும் அவர் படித்திருக்கிறார். பதினெட்டு வருடம் வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் ஸ்டோர்கீப்பர் வேலை. கேமராவை வெளியே எடுத்தால் வேலை போய்விடும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். பதினெட்டு வருடமும் பெட்டியைத் திறக்காமல் பயந்து இருந்த மனிதர், ஊருக்குத் திரும்பியதும் அத்தனை வருடப் பயத்துக்கும் சேர்த்து நம்மிடம் உரிமை கேட்கிறார். நாம் என்ன பாவம் செய்தோம்?

ஒருநாள் குழித்துறை ரயில் பாலத்தின் அடியில் படுத்துக்கொண்டு மேலே குறி பார்த்தார். ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"சார், பாலத்த எடுக்கப்பிடாது."

"எந்தச் சட்டம்? எந்தப் பிரிவு?"

"பிரிவெல்லாம் எனக்குத் தெரியாது. ஸ்டேஷன்ல எஸ்.ஐ. சாருக்குத் தெரியும். வாருங்க, கேட்டுட்டு வந்திரலாம்."

அந்த நிமிடத்தில்தான் ஞானதாசனுக்கு வீட்டில் கேஸ் சிலிண்டர் வருகிற நாள் என்பது நினைவுக்கு வந்தது. ஆனால் சாயங்காலம் டீக்கடையில் அவர் சொன்ன கதையில் போலீஸ்காரர் சல்யூட் அடித்தார். அடுத்த வாரம் சொன்னபோது எஸ்.ஐ.யே இறங்கி வந்து டீ வாங்கிக் கொடுத்தார்.

பத்மநாபபுரம் அரண்மனையில் காவலாளி சுயம்புலிங்கம், கேமரா நிறுத்தும் முக்காலியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று தடுத்தார். "இது முக்காலி இல்ல, எனக்க ஊன்றுகோல்" என்றார் ஞானதாசன். சொன்னதற்காக நொண்டவும் செய்தார். சுயம்புலிங்கம் இரக்கமுள்ள மனிதர். "பைய வாருங்க சாரே" என்று கையைப் பிடித்து, ஒவ்வொரு மரப்படியிலும் ஏற்றி இறக்கி, அரண்மனை முழுவதையும் சுற்றிக்காட்டி வாசலில் ஆட்டோ ஏற்றிவிட்டார். ஒரு கையில் காவலாளி, மறு கையில் ஊன்றுகோல். கேமராவைத் தொடக் கை மிச்சமில்லை.

இந்த இனத்துக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. கறுப்பு வெள்ளை. "நிறம் கண்ண ஏமாத்தும் மக்கா, கறுப்பு வெள்ளையிலதான் உண்மை இருக்கு" என்பார் ஞானதாசன். மனைவி ஜெயபாய் ஆசையாய் உடுத்திய மாம்பழ நிறப் பட்டைக்கூடச் சாம்பல் நிறத்தில்தான் எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் அதற்குப்பின் இவர் கேமராவுக்கு முன்னால் நின்றதே இல்லை.

இந்தக் கறுப்பு வெள்ளைதான் ஆபத்தில் கொண்டுவிட்டது. குழித்துறைச் சந்தையில் வாழைக்குலை விற்கிறவர் நேசபாய். மட்டியும் செவ்வாழையும் நேந்திரனுமாக அவர் கடையில் மட்டும் மூன்று நிறம் தொங்கும். மழை வருமா என்று அக்கா ஒருநாள் வானத்தை அண்ணாந்து பார்த்தார். கிளிக். மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஊர்க்காரர்கள் நானூறு பேர் இருக்கும் 'நல்லது கெட்டது' வாட்ஸ்அப் குழுவில் ஞானதாசன் அந்தப் படத்தைப் போட்டார். கறுப்பு வெள்ளை. தலைப்பு வேண்டாம், கலைக்கு அலங்காரம் எதற்கு என்று அடியில் இவ்வளவுதான் எழுதினார்: 'நேசபாய், 62, குழித்துறை.'

நீங்களே சொல்லுங்கள். காலை ஆறு மணி, கறுப்பு வெள்ளையில் வானத்தைப் பார்க்கும் ஒரு முகம், கீழே பெயர், வயது, ஊர். நம் பக்கத்தில் இதற்கு எத்தனை அர்த்தம் உண்டு?

ஆறு ஐந்துக்கு முதல் இரங்கல் வந்தது. ஆறரைக்கு நூறு. 'அடக்கம் எப்போ?' என்று ஒருவர் கேட்க, எல்லாம் தெரிந்த இன்னொருவர் 'மூணு மணிக்கு' என்று பதிலும் போட்டுவிட்டார். ஆலயத்தில் மணி அடிக்கும் கோவில்குட்டியார் யேசுதாசன் ஓடிப்போய்த் துக்க மணி அடித்தார். சந்தையில் குலை இறக்கிக்கொண்டிருந்த நேசபாயக்கா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, "பாவம், ஆருக்கு மக்களே மணி அடிக்கு?" என்று கேட்டார். கேட்ட இடத்தில் இருந்த இரண்டு பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். எட்டு மணிக்குள் அக்கா வீட்டுக்கு மூன்று மாலைகள் வந்துவிட்டன. ஒன்று நல்ல செவந்திப்பூ மாலை.

பதறிப்போய் வந்து நின்றார் அக்கா, ஞானதாசன் வீட்டு வாசலில்.

"சாரே, அத எடுத்து மாத்துங்க. காலத்தே ஆறு மணியில இருந்து நான் செத்துட்டே இருக்கேன்."

"அக்கா, அது கலை. பொது இடத்துல எடுத்தது. சட்டப்படி உங்ககிட்ட கேக்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம்."

"எனக்க மூஞ்சிக்கு எங்கிட்ட கேக்க வேண்டாமா?"

"மூஞ்சி உங்களுக்க. படம் எனக்க."

அதோடு நிற்கவில்லை. லேமினேட் காகிதத்தையும் படம் பிடித்துக் குழுவில் போட்டார். அது ஆங்கிலத்தில் இருந்ததால் மரணச் சான்றிதழ் என்று நினைத்து இன்னும் நாற்பது பேர் இரங்கல் தெரிவித்தார்கள். மொத்தம் இருநூற்றுப் பதினாலு. அக்கா சந்தைக்குத் திரும்பிப் போனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் ஞானதாசன் வென்றார் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, சென்னையில் நடக்கவிருந்த ஒரு புகைப்படக் கண்காட்சியிலிருந்து கடிதம் வந்தது. அவர் அனுப்பிவைத்த நேசபாய் படம் தேர்வாகியிருந்தது! ஞானதாசன் வீட்டுக்குள் மூன்று சுற்று ஓடினார். ஜெயபாய் பயந்துபோய் விசிறி எடுத்து வந்தார். ஊருக்கு வந்த இத்தனை வருடத்தில் எடுத்த பதினாறாயிரம் படங்களில் ஒன்றைக்கூட யாரும் சுவரில் மாட்டக் கேட்டதில்லை, சொந்த மனைவி உட்பட. அந்த ஆசை அவருக்கு எவ்வளவு இருந்தது என்பது அன்று அவர் அழுதபோதுதான் தெரிந்தது. அழுது முடித்துக் கடைசி வரியைப் படித்தார். படத்தில் இருப்பவரின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மின்னஞ்சலில் வராவிட்டால் படம் நீக்கப்படும்.

உடனே போன் செய்து பொது இடம், உரிமை, பிரிவு எல்லாம் பேசினார். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், உங்க உரிமை உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும். சுவர் எங்களோடது."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஞானதாசன் சந்தையில் நின்றார். பதினோரு பாக்கெட் சட்டை இல்லை. கையில் கடிதம்.

"அக்கா, ஒரு சின்னக் கையெழுத்து."

நேசபாயக்கா ஒரு சீப்பு மட்டிப்பழத்தை அறுத்து வாங்க வந்தவருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எதுக்கு சாரே? கேக்க வேண்டாம்ணு சட்டம் இருக்கில்லியா?"

"அது... சென்னையில கேக்கணுமாம்."

"செரி. அண்ணைக்கு எனக்க மவன் ஜிபின் குவைத்துல இருந்து விளிச்சான். நான்தான் ஃபோன எடுத்தேன். 'அம்மா'ண்ணு ஒரு விளி. பொறவு பேச்சே இல்ல, விம்மி விம்மி அழுதான். வளந்த பய சாரே, நாலு வயசுக்குப் பொறவு அவன் அழுது நான் கேட்டதில்ல. அத நீங்க படம் எடுத்தியளா?"

ஞானதாசன் கடிதத்தை மடித்தார், விரித்தார். சட்டப் பிரிவு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அக்கா இடுப்பிலிருந்து புத்தம் புதிய செல்போன் ஒன்றை எடுத்தார். அன்றிலிருந்து அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று தினமும் காலையில் முகம் பார்த்தால்தான் வேலைக்குப் போவேன் என்று ஜிபின் வாங்கி அனுப்பியது.

கிளிக்.

"அக்கா, என்ன இது? ஷேவ் பண்ணல! கழுத்து மடியுது, இந்தப் பக்கம் வேண்டாம்! அத அழிச்சிருங்க! எங்கிட்ட கேட்டியளா?"

சந்தையே திரும்பிப் பார்த்தது. தராசைப் பிடித்தவர் தராசோடு நின்றார். கடைசியாகச் சொன்ன சொல்லை மட்டும் திரும்ப வாய்க்குள் இழுத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்தார் ஞானதாசன். முடியவில்லை.

"பொது இடம்தானே சாரே" என்றார் அக்கா. "கேளுங்க, எனக்கு ஒண்ணும் வேண்டாம். இத நான் குரூப்பில போடுவேன். மூணு மணி வரைக்கும் நீங்க வாய் திறக்கப்பிடாது. பொறவு வாருங்க, கடிதத்துல ஒப்பு போட்டுத் தாறேன்."

கறுப்பு வெள்ளையாக மாற்ற அக்காவுக்குப் பதினைந்து விநாடி ஆனது. கீழே எழுதினார்: 'ஞானதாசன், 59, மார்த்தாண்டம்.'

விஷயத்தைக் கேட்ட ஜெயபாய், "மூணு மணி வரைக்கும் பேசப்பிடாதா? அந்த அக்காவுக்குக் கோடி புண்ணியம்" என்று சொல்லி மீன் வாங்கப் போய்விட்டார். ஞானதாசன் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, செல்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளுக்குள் ஒரு சின்னக் குறுகுறுப்பு. அதை நான் மறைக்க மாட்டேன். நேசபாய்க்கே இருநூற்றுப் பதினாலு. உரிமைக்காகப் போராடியவருக்கு எவ்வளவு வரும்?

பத்து நிமிடம். ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் கழித்து ஒன்று வந்தது: 'யாரு இது?' இன்னொருவர்: 'கேமராக்காரரா?' மூன்றாமவர்: 'ஆமா.' அதன் கீழே யாரோ ஒருவர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். பிறகு, 'ஆழ்ந்த இரங்கல். கேமரா விலைக்குக் கிடைக்குமா?' அதே குழுவில் இருந்த அரண்மனைக் காவலாளி சுயம்புலிங்கம் மட்டும் நீளமாக எழுதியிருந்தார்: 'பாவம், நல்ல மனுசன். கால் வேற சரியில்ல.' அதைப் படித்தபோதுதான் ஞானதாசனுக்குக் கண் கலங்கியது. நொண்டி நடித்ததை நினைத்து முதல் முறையாக வெட்கப்பட்டார்.

பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வாசலில் கோவில்குட்டியார் யேசுதாசன். போன தடவை ஆள் உயிரோடு இருக்க மணி அடித்ததற்குப் போதகரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். இந்தத் தடவை நேரில் பார்க்காமல் கயிற்றைத் தொடுவதில்லை என்று வந்திருந்தார்.

"சாரே, நீங்க செத்தாச்சா இல்லியா? ஒண்ணு சொல்லுங்க, எனக்கு மத்தியான ஊணு கழிக்கப் போணும்."

வாய் திறக்கக் கூடாதே. ஞானதாசன் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். யேசுதாசன் ஆலயத்துக்கும் போகவில்லை, குழுவிலும் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய செய்தியாக அவருக்குத் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு மொத்தம் பதினொன்று, கட்டைவிரலையும் சேர்த்து. ஞானதாசன் சந்தைக்குப் போனபோது நேசபாயக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேலி செய்யாமல் விட்டார். இரண்டு மட்டிப்பழம் கொடுத்தார். கடிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, படத்தின் அடியில் ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும் என்றார். கண்காட்சிக்குப் போனவர்கள் அதைப் பார்த்திருப்பீர்கள்: 'நேசபாய், 62, குழித்துறை. நல்ல சுகமாக இருக்கிறார்.'

ஞானதாசன் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். லேமினேட் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். அந்தப் பாக்கெட்டில் இப்போது சம்மதப் படிவம் ஐம்பது பிரதி இருக்கிறது. மாமனார் வீட்டுப் பிறந்தநாளில் கேக் வெட்ட விடாமல் இருபத்தேழு பேரிடம் கையெழுத்து வாங்கினார். தவிர, வேறு யாராவது செல்போனைத் தூக்கினால் பின்னாலேயே போய், "கேட்டு எடுத்தியளா? எந்தச் சட்டப்படி எடுத்திய?" என்று மடக்குகிறார்.

சிரித்தது போதும். உங்கள் செல்போனைக் கொஞ்சம் திறங்கள். போன மாதம் பஸ்ஸில் வாயைத் திறந்து தூங்கினாரே ஒருவர், கல்யாணப் பந்தியில் மூன்றாம் தடவை பாயசம் வாங்கினாரே ஒரு பெரியவர், மழையில் குடை திரும்பிப்போய்த் திண்டாடினாளே ஒரு பெண், அவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள், இல்லையா? கேட்டு எடுத்தீர்களா? கேட்கவில்லை என்றால் குழித்துறைச் சந்தைப் பக்கம் வாழைப்பழம் வாங்கப் போகும்போது நன்றாக ஷேவ் செய்துகொண்டு போங்கள். அக்கா செல்போனை இப்போது இடுப்பில் வைப்பதில்லை, கையிலேயே வைத்திருக்கிறார். பழம் தருவதற்கு முன்னால் பெயர், வயது, ஊர் கேட்டால் சொல்லிவிடாதீர்கள்.