செம்மண் பூசிய மொச்சை

மண் ஒட்டியிருந்தால்தான் அசல் நாட்டுச் சரக்கு என்று நாற்பத்தாறு வயது வரை நம்பிய மடையன் நான். மொச்சை கொடியில் காய்ப்பது, அதில் மண் எப்படி ஒட்டும் என்று யோசிக்கக் கொஞ்சம் மூளை வேண்டும். (இருந்ததைத் திருவிழாக் குழுவில் பேசியே தீர்த்துவிட்டேன்.)

வண்ணார்பேட்டை மண்டபத்தில் எங்கள் பக்கத்து மொச்சைக்கும் அதை விளைவிக்கிறவர்களுக்கும் விழா. விருந்துக் குழம்புக்கு முதல் நாள் சாயங்காலமே மொச்சையை ஊறப்போடுவது என் பொறுப்பு. அங்கே இரண்டு சாக்குகள். ஒன்றில் பளிச்சென்ற மொச்சை. ‘கடைச் சரக்கு’ என்று தள்ளிவைத்தேன். மற்றதில் செம்மண் அப்பியிருந்தது. அதை நாலு தண்ணீர் அலசி அண்டாவில் கொட்டி ஊறவைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஒரு மணி நேரம் விவசாயம் பேசினேன்.

காலையில் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து, அந்தச் சாக்குகளை அனுப்பியிருந்த சுடலைமுத்து அண்ணாச்சி வந்தார். பின்னால் பன்னிரண்டு விவசாயிகள், ஆளுக்கொரு பையோடு.

“செம்மண்ணு பூசுன சாக்கு எங்க வே? விதை மொச்சைல்லா அது! புழு விழாம இருக்கப் பூசி வச்சேன். இவங்க மழைக்கு முன்ன விதைக்கணும்.”

அண்டா இருந்த அறைக் கதவைச் சாத்தினேன். “உள்ள பத்திரமா இருக்கு அண்ணாச்சி. பையப் பைய காப்பி குடிங்க.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானோ மனைவிக்குப் போன் போட்டு, அவள் தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கொண்டுவரச் சொன்னேன்.

“உங்க மண்டையில காயவைக்க என்ன இருக்கு?” என்று கேட்டபடியே கொடுத்தாள்.

அரைப்படி காய்வதற்குள் அது புகைந்து செத்தது. உடனே வாசல் பூந்தொட்டி மண்ணைக் குழைத்து மொச்சைக்குப் பூசி, சாக்கில் அள்ளிப்போட்டு அண்ணாச்சி முன்னால் வைத்தேன். (மண்ணோடு ஒரு மண்புழுவும் வந்தது. புழு விழாமலிருக்கப் பூசுவதைப் புழுவோடு பூசியவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.)

அண்ணாச்சி ஒன்றை எடுத்து இரண்டு விரலால் அமுக்கினார். பருப்பு தோலைவிட்டுத் துள்ளி என் நெற்றியில் பட்டது.

“விதை பிதுங்குமா வே?”

“வெக்கை அதிகம் அண்ணாச்சி. வேர்த்திருக்கும்.”

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

இன்றைக்கும் நான் சாப்பிட்ட தட்டைக் கழுவ எழுந்தால்கூட, “விதையான்னு கேட்டுட்டுக் கழுவுங்க” என்கிறாள் மனைவி.

அந்தச் சாக்கு மொச்சை முழுவதும் மறுபடி கழுவப்பட்டுக் குழம்பாயிற்று. அண்ணாச்சி தன் நிலத்துக்கென்று வீட்டில் வைத்திருந்த விதையைப் பன்னிரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுத்தார். அந்த வருடம் அவர் மொச்சை போடவில்லை.