பதினாறு டிகிரியில் ஒரு விரல்

உலகத்தில் ரத்த ஓட்டம் என்று ஒன்று ஒழுங்காக நடக்கிறதென்றால் அதற்கு எங்கள் நுண்குழாய் ஆராய்ச்சி நிலையமே காரணம். இதை நான் சொல்லவில்லை. எங்கள் ஆண்டறிக்கை சொல்கிறது. ஆண்டறிக்கையை எழுதியவன் நான்.

விஷயம் இதுதான். விரல் நுனியில் தலைமுடி கனம்கூட இல்லாத ரத்தக் குழாய்கள் உண்டு. சூடு பட்டால் உணர்வு நரம்பு "திற" என்கிறது. குழாய் விரிந்து விரல் சிவக்கிறது. குளிரோ பயமோ வந்தால் பரிவு நரம்பு "மூடு" என்கிறது, விரல் வெளுக்கிறது. அதற்குப் பரிவு என்று பெயர் வைத்தவர் எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். இரண்டு நரம்பும் ஒன்றையொன்று அடக்கப் பார்க்கும். அந்த இழுபறியைக் கோடாக வரைந்து காட்டும் கருவி எங்களிடம் இருக்கிறது: குழாய் விரிந்தால் கோடு ஏறும், சுருங்கினால் விழும்.

கருவிக்குச் சூடு ஆகாது என்று இயக்குநர் ஐயா முடிவு செய்ததால் அதன் அறை எப்போதும் பதினாறு டிகிரி. குளிரும் ஆகாது என்பதால் அதற்கு ஒரு கம்பளி உறை. அதை இயக்கும் அக்காவுக்கு உறை கிடையாது.

பதினொரு மணிக்குள் அக்காவின் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்து மரத்துப்போகும். வீட்டுக்குப் போய் மகளுக்குச் சட்டைப் பொத்தான்கூடப் போட வரவில்லை என்றார். வெயில் விழும் மாடி அறைக்கு மாற்றச் சொல்லி இரண்டு வருடமாக மனு போட்டார். ஐயா அதை "அறிவியல் முறைப்படி" விசாரித்தார். அதாவது, அக்காவின் விரலையே கருவியில் மாட்டச் சொன்னார்.

அக்கா விரலை மாட்டி, கையை வெந்நீர்ப் பையின்மேல் வைத்தார். கோடு மெல்ல ஏறியது. கதவு திறந்தது. ஐயா!

"என்ன, இன்னும் முடியலையா?"

கோடு தொப்பென்று விழுந்தது.

"இப்பதான் சார் ஏறுச்சு," என்றார் அக்கா.

"நான் வந்ததும் ஏன் இறங்குது?"

"நீங்க வந்ததாலதான் சார்."

"மரியாதைக்காகவா?"

மூன்று நாள் சோதனை. மூன்று நாளும் ஐயா நேரில் வந்து கவனித்தார். முடிவு: "மனுதாரரின் உணர்வு நரம்பு மந்தம். வெயிலில் வைத்தாலும் பயன் இராது. மனு தள்ளுபடி." அந்தக் கம்பீரமான வாசகம் என்னுடையது. அதைப் படித்துவிட்டு அக்கா என்னைப் பார்த்த பார்வையில் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து ஆய்வுக் குழுத் தலைவி வந்தார்.

"நல்ல நரம்பு எப்படி இருக்கும்னு பாருங்க," என்று ஐயா தன் விரலையே மாட்டிக்கொண்டு கையை வெந்நீர்ப் பையில் வைத்தார். கோடு ஜம்மென்று ஏறியது.

"பிரமாதம்," என்றார் தலைவி. "ஆமா, மூணு வருஷமா இதுல என்ன கண்டுபிடிச்சீங்க?"

கோடு படுத்துவிட்டது. அக்கா வேறு வெந்நீர்ப் பை கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். கோடு எழுந்திருக்கவே இல்லை.

"உங்களுக்கும் மந்தமா சார்?" என்று அக்கறையாக விசாரித்தார்.

"கருவி கெட்டுப்போச்சு," என்றார் ஐயா. "குளிர் ஒத்துக்கல போல. உடனே மாடி அறைக்கு மாத்துங்க. பாவம்."

பாவம் என்றது கருவியைத்தான். உத்தரவை நான் எழுதினேன். ஐயா எதையும் படித்துப் பொழுதை வீணாக்குபவர் அல்லர். அந்தத் தைரியத்தில் கருவியோடு அனுப்பவேண்டிய இணைப்புகளின் பட்டியலையும் சேர்த்தேன்: வயர் ஒன்று, கம்பளி உறை ஒன்று, இயக்குபவர் ஒருவர். கையெழுத்து விழுந்தது.

இப்போது அக்கா மாடியில் இருக்கிறார். பதினொரு மணிக்கும் விரல்கள் சிவப்பாக இருக்கின்றன. நான் மாடிக்குப் போகிறபோதெல்லாம் எனக்குக் காட்டுகிறார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஐயாவின் கருணையை இந்த ஆண்டறிக்கையில் தவறாமல் குறிப்பிட்டிருக்கிறேன்: "நமது நிலையத்தில், மனுஷியாக இரண்டு வருடம் கேட்டுக் கிடைக்காத வெயில், பட்டியலில் கம்பளி உறைக்கு அடுத்த உருப்படியாகச் சேர்ந்ததும் ஒரே நாளில் கிடைத்தது."

ஐயா அதன் கீழும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.