போத்வாரைக் கொல்ல அனுமதி கோரி

அக்குரேரி,
பனி இன்னும் விட்டபாடில்லை.

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் ஸ்டெய்ன்வோர் அம்மையாருக்கு, எழுத்தாளன் எய்வின்தூர் வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் நலமாயிருப்பீர்கள். நான் நலமாயில்லை.

என் நாவலின் நாயகர் ஒரு தத்துவப் பேராசிரியர் என்பது தங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியவில்லை. அவர் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய ஒரே ஒரு அத்தியாயத்தில் வந்துபோகிறானே போத்வார், கருவாட்டில் வெண்ணெய் தடவித் தின்றுகொண்டே, மகளோடு பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவன், அவன்தான் ஊருக்கெல்லாம் வேண்டும். பேராசிரியர் மரணத்தைப் பற்றிச் சிந்திக்கும் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படித்ததாக மீன்கடைக்காரர் என்னிடமே சொல்கிறார். நூலகத்தில் பேசக் கூப்பிட்டார்கள், போனேன், போத்வாருக்கென்று ஒருவர் கம்பளிக் கையுறை பின்னிக் கொண்டுவந்திருந்தார், எனக்கு ஒன்றுமில்லை, அது போகட்டும் என்றால் போன வாரம் குன்வோர் என்றொரு அம்மாள் போன் செய்து, சமையலறைக் குழாய் சொட்டுது, போத்வாரை அனுப்புங்க என்கிறார். அவன் கற்பனை என்றேன். அது தெரியும், நீங்களாவது வாங்க என்றார். ரோஷம் வந்து போய்விட்டேன். ஒரு திருகுதான் திருகினேன். சொட்டிக்கொண்டிருந்த குழாய் உடைந்து பீய்ச்சியடித்தது. வால்வை மூடிவிட்டு இருவரும் மண்டியிட்டுத் தரையைத் துடைத்தோம். துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அப்புறம் மககிட்ட பேசினாரா?"

பேசினான் என்று புளுகினேன்.

"முதல்ல என்ன சொன்னாரு?"

எனக்கென்ன தெரியும்? அந்த அம்மாளுக்கும் தன் மகனோடு பேச்சு நின்று வெகுகாலமாம். பிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். என் கையிலிருந்த துணியை வாளியில் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து தூக்கமில்லை.

ஆகவே அடுத்த நாவலின் முதல் பக்கத்திலேயே போத்வார் பனியில் வழுக்கி விழுந்து சாக அனுமதி தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் கணவருக்கும் குதிரைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
எய்வின்தூர்

பி.கு.: உறையை ஒட்டும்போது குன்வோர் அம்மாள் கூப்பிட்டார். மகனுக்கு அவரே போன் செய்துவிட்டாராம். முதலில் என்ன சொன்னீர்கள் என்று அவசரமாகக் கேட்டேன்.

"ஒரு எழுத்தாளர் வந்து குழாயை உடைச்சிட்டாருடான்னேன். சிரிச்சிட்டான். சனிக்கிழமை வர்றேம்மான்னான்."

மேலே எழுதியதைக் கிழித்துப் போடவும். போத்வாரின் மகள் வீட்டில் ஒரு குழாய் உடையப் போகிறது. வழுக்கி விழ ஆள் வேண்டுமானால் பேராசிரியர் இருக்கிறார்.